சுவருக்கு அந்தப் பக்கம் மரகதம் டீச்சர்

ஆஸ்பத்திரியில் ஒரு சுவரை இடிப்பதற்கு முன்னால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதுதான் என் தொழில்.

சொன்னால் சிரிப்பார்கள். இதற்கெல்லாமா ஆள் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று என் நாத்தனாரே கேட்டிருக்கிறாள். ஆனால் வீட்டில் குடியிருந்துகொண்டே டைல்ஸ் மாற்றிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீரோவுக்குள் பூட்டி வைத்த பட்டுப்புடவையில் சிமெண்டு, மூடி வைத்த ரசத்தில் மணல், "இன்னும் ரெண்டே நாளுங்க" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் மேஸ்திரி. நீங்களும் இதையெல்லாம் பட்டவர்கள்தானே? அதே கூத்து ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் எனக்கும் தூசி என்றால் நாலு தும்மல். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் படுத்திருப்பவருக்கு அப்படியில்லை. தூசியோடு பறந்து வரும் பூஞ்சை நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டால், அவரை மீட்டுக்கொண்டு வருவது பெரும்பாடு.

நான் முதலில் வார்டு நர்ஸாக இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குள் நோய் பரவாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்படியே இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரை எந்த ஆஸ்பத்திரியில் கட்டட வேலை என்றாலும் கூப்பிடுகிறார்கள். தூசி எந்தப் பக்கம் போகும், ஆக்சிஜன் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, தீப்பிடித்தால் நோயாளிகளை எந்தப் படி வழியாக இறக்குவது, எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டட ஆட்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'தூசி சிஸ்டர்'. அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

இங்கே சொல்லப்போவது கோயமுத்தூர் கணபதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புது லிஃப்ட் வைத்தபோது நடந்தது. பழைய லிஃப்ட் பாதி வழியில் நின்று நின்று எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்ததால் வேலையைத் தள்ளிப்போட முடியாது. இரண்டாவது மாடியில் லிஃப்டின் கதவுக்காக ஒரு சுவரை இடிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் வார்டு. சுவரை ஒட்டிய அறையில் சத்தியமங்கலத்து மரகதம் டீச்சர் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏறி, வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்த நேரம். வடிகட்டின காற்று வரும் வசதி அந்த வார்டில் மட்டும்தான் இருந்தது, ஆகவே அவரை வேறெங்கும் மாற்றவும் வழியில்லை. லிஃப்டும் வர வேண்டும், டீச்சரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

ஆடிக்கு முன்னால்

ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றே சொல்வார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தூசியைப் பற்றியும் பூஞ்சையைப் பற்றியும் நான் சொல்லிக்கொண்டே போக, நான் விட்டதையும் சேர்த்து அவரே சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இப்படி ஒருவர் வாய்த்தால் என் வேலை பாதி முடிந்த மாதிரி என்று நினைத்தேன்.

தடுப்பெல்லாம் போட்டு, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, அப்புறம் சுவரைத் தொடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றவர், காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஆடி பொறக்கறதுக்குள்ள மொத அடி உழுந்தறோணும்" என்றார். எங்கள் பக்கம் ஆடியில் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள். தொடங்கியதை நடத்திக்கொள்ளலாம், புதிதாகக் கை வைக்கக் கூடாது. அதனால் ஆனி மாதக் கடைசியில் ஊரே எதையாவது இடித்துக்கொண்டிருக்கும். இங்கேயும் நல்ல நேரம் பார்த்து, மாடிச் சுவரிலேயே சாஸ்திரத்துக்குக் கடப்பாரையால் ஒரு போடு போடுவதாக ஏற்பாடு.

சாஸ்திரத்துக்குப் போட்டாலும் தூசி தூசிதான் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முதல் அடியைக் கீழே, கட்டடத்துக்கு வெளியே, லிஃப்ட் குழி தோண்டும் இடத்தில் போட்டுக்கொள்வது. மாடிச் சுவரை நான் சரி என்ற பிறகு தொடுவது. வாசல் வரை வந்து வழியனுப்பிய டாக்டர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "விஞ்ஞானமெல்லாம் எனக்கும் தெரியுமுங்க சிஸ்டர். ஆனா சோத்துக்கு நான் எங்கம்மா இருக்கற ஊட்டுக்குத்தானுங்களே போகோணும்?"

மணி அடித்தது

கான்ட்ராக்டர் பழனிச்சாமி அந்தியூர்க்காரர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில்தான் சைட்டுக்கே வருவார். பூஜை அன்று தேங்காய், பழம், பூசணிக்காய் எல்லாம் அவர் பொறுப்பு. நான் முன்னதாகவே கற்பூரம், சாம்பிராணி எல்லாம் கட்டடத்துக்கு வெளியேதான் என்று சொல்லியிருந்தேன். வெளியேதான் வைத்தார்கள். ஆனால் ஆனி மாதத்துக் காற்றுக்கு அது தெரியவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஊருக்குள் நுழைகிற காற்று, சாம்பிராணிப் புகையைச் சுருட்டிக் கீழ்த்தளத்து நடைவழிக்குள் கொண்டுபோய் விட்டது. கூரையில் இருந்த புகை உணரும் கருவி ஆஸ்பத்திரி முழுக்க அலறியது.

நல்ல வேளையாக, தீ விபத்து வந்தால் யார் என்ன செய்வது என்று அதற்குச் சற்று முன்புதான் ஒத்திகை பார்த்திருந்தோம். நர்ஸுகள் நாற்காலி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, குறித்து வைத்த படிக்கட்டு வாசலுக்குச் சொன்ன மாதிரியே வந்து சேர்ந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பெருமை. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றபோது, உடைத்த தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பழனிச்சாமி முகமெல்லாம் பூரித்துப் போய்ச் சொன்னார்: "தேங்கா ஒடைச்சதும் மணி அடிச்சிருச்சு பாருங்க சிஸ்டர். இதுக்கு மேல என்னுங்க நல்ல சகுனம் வேணும்?"

மறுத்துப் பேசாதவர்

வேறு ஊர்களில் இதே வேலை பார்க்கும் என் தோழிகள், கான்ட்ராக்டர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று புலம்புவார்கள். எங்கள் ஊரில் அந்தத் தொல்லையே இல்லை. என்ன சொன்னாலும் "ஆகட்டுங்க", உட்கார நாற்காலி, குடிக்க இளநீர். அதுதான் தொல்லை.

கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட்டு நனைத்துத்தான் அறுக்க வேண்டும் என்று பழனிச்சாமியிடம் சொன்னேன். ஆகட்டுங்க என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால், கீழே வராந்தாவில் காய்ந்த கல்லை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ச்மேன், வேப்ப மரம், நிறுத்தி வைத்த வண்டிகள் எல்லாம் ஒரே வெள்ளை. வார்டு தூரம், ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தது, அதனால் பிழைத்தோம். முடியாது என்றால் முடியாது என்று நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். தண்ணீர் விட்டால் அந்தப் பழைய மெஷினில் கரண்ட் அடிக்கிறதாம். வேறு மெஷின் வந்துகொண்டிருக்கிறதாம். இதைச் சொல்வதற்கு என்ன தயக்கம் என்று கேட்டேன். அன்றிலிருந்து நான் யாரிடமும் "இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டு, "எப்படிச் செய்வீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அவர் சொன்ன பதில் அப்படி: "நீங்க ஒரு பொம்பளப் புள்ள வந்து சொல்றீங்க, மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல முடியுமுங்களா? அதுதான் சொல்லாமயே செஞ்சுபோட்டோம்."

ஊதுபத்தி

இரண்டாவது மாடிச் சுவரைச் சுற்றி, தரையிலிருந்து கூரை வரை கனமான பிளாஸ்டிக் தடுப்பு. உள்ளே போய் வர ஜிப் வைத்த கதவு. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி ஜன்னல் வழியாக வெளியே தள்ள ஒரு மெஷின். அது சரியாக இழுத்தால் காற்று எப்போதும் வெளியிலிருந்து தடுப்புக்கு உள்ளேதான் போகும், தூசி வார்டுப் பக்கம் வராது. இழுக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் எளிய வழி ஓர் ஊதுபத்தி. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து பக்கத்தில் பிடித்தால், புகை உள்பக்கம் வளைய வேண்டும்.

முதல் நாள் நான் பிடித்தபோது பின்னால் ஒரே அமைதியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆட்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நிற்கிறார்கள். ஒருவர் புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது பூஜையில்லை, சோதனை என்று விளக்கினேன். ஆகட்டுங்க என்றார்கள். மறுநாள் வந்தால் பிளாஸ்டிக் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். எந்தச் சைட்டிலும் இந்தச் சோதனையை ஆட்கள் மறந்துபோவார்கள், இங்கே ஒரு காலைகூடத் தவறவில்லை.

அதற்குப் பலனும் கிடைத்தது. ஒரு நாள் காலையில் பழனிச்சாமியிடமிருந்து போன். ஓடிப்போய்ப் பார்த்தேன். மேற்குப் பக்கத்து ஜன்னலை யாரோ திறந்து வைத்திருக்க, காற்று உள்ளே புகுந்து தடுப்பைப் புடைக்க வைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு செங்கல்லை உடைத்திருந்தாலும் தூசி நேராக டீச்சரின் அறைக் கதவுக்குத்தான் போயிருக்கும். உடைக்கவில்லை. ஆட்கள் அனைவரும் கீழே போய் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "பொகை இக்கட்டால, வார்டுப் பக்கமா திரும்பிருச்சுங்க சிஸ்டர். சாமி வேண்டாங்குது, அதுதான் வேலைய நிறுத்திப்போட்டோம்" என்றார் பழனிச்சாமி.

ஒரம்பரை வந்த வேன்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், ஒருவர் இருவராக வரமாட்டார்கள். வேன் பிடித்து வருவார்கள். பொதுவார்டில் இருந்த ஒரு பெரியவரைப் பார்க்க அப்படி ஒரு வேன் வந்தது. பார்த்து முடித்துவிட்டு, எல்லோரும் கேண்டீனுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். முன்பு வந்தபோது குறுக்கு வழியாக இரண்டாவது மாடி வழியாகப் போன ஞாபகம். இப்போது அங்கே பிளாஸ்டிக். பார்த்தார்கள், ஜிப்பைத் திறந்தார்கள், உள்ளே போனார்கள்.

நான் போனபோது பெண்கள் சிமெண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் லிஃப்ட் வாசல் வடக்குப் பார்த்து இருப்பதைப் பற்றி பழனிச்சாமியோடு பேச்சில் இறங்கியிருந்தார்கள். அவரும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, இடிப்பு வேலை அன்று இல்லை. எல்லோரையும் நான் வெளியே கூட்டிவந்து, கால்களைத் துடைக்கச் சொல்லி, எதற்காக இந்தத் தடுப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மா மட்டும் யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்கம்மிணி, போவேண்டாம்னா செவுருதானுங்க வெப்பாங்க. ஜிப்பு வெச்சா தொறக்கத்தானுங்களே?"

அன்று மாலையே ஜிப்புக்குப் பூட்டுப் போட்டேன்.

மல்லிகை கூடாது

மரகதம் டீச்சரின் வீட்டுக்காரர் தங்கவேலு, சத்தியமங்கலத்தில் மல்லிகை விவசாயம். துணைக்கு டீச்சரின் தங்கை கூடவே இருந்தார். தங்கவேலு அண்ணன் மட்டும் தினமும் சாயங்காலம் சத்தி ரோட்டு பஸ்ஸில் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச்சு ரொம்பக் குறைவு. வரும்போது ஈரத்துணியில் சுற்றி மல்லிகை கொண்டுவருவார். கொண்டுவந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்தால், அதுவே அவர் பேச வேண்டியதையெல்லாம் பேசின மாதிரி.

அந்தப் பூவை நிறுத்தியது நான்தான். பூவிலும் அது வைத்திருக்கும் ஈரத்திலும் பூஞ்சை இருக்கும், டீச்சரின் அறைக்குள் வரக் கூடாது. சொன்னதும் அவர் பொட்டலத்தை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். சரியான காரியத்தைச் செய்துவிட்டு இவ்வளவு சங்கடப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. மறுநாள் டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பூ வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் இவருக்குக் கையை எங்க வெக்கறதுன்னே தெரியலீங்க சிஸ்டர்."

ஸ்டூலின் மேல் வெள்ளைப் பொடி

ஆடி பிறந்த வாரம். வார்டுக்குத் தலைமை நர்ஸ் லில்லி என்னைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் காட்டினாள். டீச்சரின் கட்டில் பக்கத்து ஸ்டூலைத் துடைத்ததாம். துணியில் சாம்பலும் வெள்ளையுமாகப் பொடி. விரலால் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றிருந்தது. சிமெண்டு. அன்று காலையிலிருந்து டீச்சருக்குக் காய்ச்சல் என்றும் லில்லி சொன்னாள்.

அந்த நிலைமையில் இருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் என்னவெல்லாம் இருக்கலாம் என்பது பழைய நர்ஸான எனக்கு நன்றாகவே தெரியும். வேலையை உடனே நிறுத்தச் சொன்னேன். தடுப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. ஊதுபத்தியைப் பிடித்தேன், புகை ஒழுங்காக உள்ளே போயிற்று. மெஷின், ஜன்னல், கூரைக்கு மேலே இருக்கும் இடைவெளி, எல்லாம் சரி. வார்டில் நுழைகிறவர்கள் முகக்கவசம் போட்டு, கை கழுவி, செருப்பு மாற்றித்தான் போகிறார்கள். பிறகு எங்கிருந்து வருகிறது? பெரிய டாக்டர் என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளும் லில்லி ஸ்டூலைத் துடைத்தாள். மறுபடியும் பொடி. முந்தின நாளிலிருந்து ஒரு சுத்தியல்கூட விழவில்லை. ஆட்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பழி முழுக்கத் தன்மேல் விழுந்திருந்தும் பழனிச்சாமி குரல் உயர்த்தவில்லை. "வேலைய நிறுத்தினதுக்கப்பறமும் தூசு வருதுன்னா, அது என்ற தூசு இல்லீங்க சிஸ்டர். ஆனாலும் நீங்க சொல்ற வரைக்கும் நான் சுத்தியலைத் தொடமாட்டனுங்க" என்றார்.

துண்டு

அன்று முழுக்க வார்டு வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே யார் போனாலும் தலை முதல் கால் வரை பார்த்தேன். டாக்டர்களையும் விடவில்லை. சாயங்காலம் தங்கவேலு அண்ணன் வந்தார். முகக்கவசம் போட்டார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். செருப்பை மாற்றினார். எல்லாம் நாங்கள் சொன்னபடி. உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஸ்டூலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்து விவசாயி எந்த இடத்திலும் துண்டால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஜன்னல் வெளிச்சத்தில், அந்தத் துண்டிலிருந்து வெள்ளையாக எழும்பியதைப் பார்த்தேன். எத்தனையோ அடுக்குப் பிளாஸ்டிக் போட்டு நான் தடுத்துக்கொண்டிருந்ததை அவர் தினமும் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

வெளியே கூப்பிட்டேன். கிட்டத்தில் பார்த்தால் காதோரத்திலும் புருவத்திலும்கூடப் பொடி இருந்தது. "ஏனுங்கண்ணா, ஊட்ல ஏதாச்சும் வேலை நடக்குதுங்களா?" என்றேன். அவர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொள்ளப் பேசுங்கம்மிணி. அவளுக்குத் தெரியாது. குளிக்கற ரூமு எங்க ஊட்ல பொடக்காளில, பொறத்தால இருக்குதுங்க. மழைக்காலத்துல இவ நடந்து போவ முடியுமுங்களா? அதுதான் படுக்கற ரூமுச் செவுத்த ஒடைச்சு, உள்ளயே ஒன்னு கட்டறனுங்க. ஆடிக்குள்ள கை வெக்கோணும்னு அவசரமா ஆரம்பிச்சது. கொத்தனாருக எல்லாரும் ஆனிக் கடைசில பிசி. நானேதான் ஒடைச்சிட்டு, நேரா பஸ் ஏறி வாரனுங்க."

வெடுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். அதற்குள் அவரே சொன்னார்: "பூக் கொண்டாராதீங்கன்னு நீங்கதான் சொல்லிப்போட்டீங்க. வெறுங்கையோட எத்தனை நாளைக்குத்தானுங்க வாரது?"

ஒரு கேள்வி

காய்ச்சலுக்குக் காரணம் தூசி இல்லை. நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. மருந்து ஏற்றும் குழாயில் ஏற்பட்ட கிருமித்தொற்று என்று கண்டுபிடித்து, குழாயை மாற்றி மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. செய்தி வந்தபோது நான் பழனிச்சாமியின் ஆட்களோடு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அழுதுவிட்டேன். அவர்கள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள், ஒருவர் எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

அன்றிலிருந்து என் வேலையில் ஒரு கேள்வி கூடியது. நோயாளியோடு இருப்பவர்கள், பார்க்க வருபவர்கள் என்று எல்லோரிடமும் வீட்டில் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேட்கிறேன். கேட்பது நல்லதற்குத்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து வீட்டைப் பற்றி விசாரித்தால், அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். முதல் நாளே ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்: "ஆமாங்க கண்ணு, மேல மாடி எடுக்கறோம். பொண்ணு காலேஜு முடிச்சிருச்சு. மாப்பிள்ளைப் பையன் எந்தூருங்க?"

சத்தி ரோட்டில்

டீச்சரின் வெள்ளை அணுக்கள் ஏறின. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் எந்த வீட்டுக்கு? அங்கே படுக்கையறைச் சுவர் பாதி இடிந்து கிடக்கிறது. இன்னும் பல மாதங்களுக்கு அவர் தூசிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கொஞ்ச நாள் கோபியில் தங்கை வீட்டில் இருக்கட்டும், அதுதான் டாக்டர் உத்தரவு என்று எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னோம். டாக்டரும் முகத்தை மாற்றாமல் தலையாட்டினார்.

அப்புறம் நான் சத்தியமங்கலம் போனேன். ஒரு வீட்டை மதிப்பிடப் போனது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குக் கேட்கும் அதே கேள்விகள்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது, நோயாளி எந்த வழியாக வருவார். தங்கவேலு அண்ணன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்று பதில் சொன்னார். பழனிச்சாமியிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அவருடைய ஆட்கள் மாடிச் சுவர் வேலையை முடித்துவிட்டு, ஆடியில் நடக்கும் அந்தியூர் குதிரைச் சந்தைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகிற வழிதானே என்று வண்டியை சத்தியில் நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சந்தைக்கு முதல் நாள் வரை இருந்து முடித்துக்கொடுத்தார்கள். பழி சுமந்தவர்கள் அவர்கள்தான், இருந்தும் ஒருவர்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சுவர், கூரை, கட்டில், மெத்தை என்று எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, மறுபடியும் துடைத்து, வெள்ளைத் துணியில் பொடி ஒட்டாத வரைக்கும் நான் விடவில்லை.

டீச்சர் வந்த அன்று பழனிச்சாமியும் அந்தியூரிலிருந்து வந்திருந்தார், வழக்கம்போல வெள்ளை வேட்டியில். டீச்சர் மெதுவாக நடந்து வந்து, படுக்கையறையில் புதிதாக ஒரு கதவு இருப்பதைப் பார்த்தார். திறந்தார். புதுக் குளியலறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழுக்காத தரை. தங்கவேலு அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுவிட்டு, பழக்கத்தில் தோளுக்குக் கை கொண்டுபோனார். தோள் காலியாக இருந்தது. துண்டைப் போடக் கூடாது என்று காலையிலேயே நான் வாங்கி வைத்துவிட்டேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார். நடந்ததையெல்லாம் நான் டீச்சரிடம் சொன்னேன். ஆனி மாத அவசரம், பஸ், துண்டு, ஸ்டூல் எல்லாம்.

டீச்சர் கேட்டுக்கொண்டே அவருடைய தலையைப் பார்த்தார். அது நன்றாகக் கறுப்பாகத்தான் இருந்தது. கிட்டே போய் அவருடைய காதோரத்து முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: "காச்சல்ல கெடந்தப்ப, என்னை நெனைச்சு இவரு ஒரே வாரத்துல இப்பிடி நரைச்சுப் போனாரேன்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதனுங்க சிஸ்டர். வெறும் சிமெண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

சுவர், ஜன்னல், கூரை, குழாய் என்று ஆஸ்பத்திரியில் எது எந்த வகை ஆபத்து என்று எனக்கு அத்துப்படி, ஆனால் துண்டால் தட்டிவிட்டு ஸ்டூலில் உட்காரும் ஒரு புருஷனை எந்த வகையில் சேர்ப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.